மாத்திரை சாப்பிட்டவர் சூதாடி ஆனார்... தெரியுமா?

கை நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தவர்கள் சிலர், சில மாதங்களிலேயே சூதாட்ட விடுதியே கதி என்று கிடந்தார்கள். நம்ப முடிகிறதா? 2005-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 11 நோயாளிகளைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். பதினொரு பேருக்கும் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய். பதினொரு பேரும் மூளையில் டோபமைன் செய்கிற வேலையைத் தானே செய்கிற மருந்தைச் சாப்பிட்டு வந்தவர்கள். சூதில் பெரிய நாட்டமே இல்லாமல் இருந்த மனிதர்கள், மருந்தின் அளவு கூடியபின் திடீரென்று கையில் இருந்ததையெல்லாம் வைத்து ஆடித் தீர்த்தார்கள். மருந்தைக் குறைத்தும் மாற்றியும் கொடுத்தபோது பலருக்கு அந்த வெறி வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது!

அதே மனிதர், அதே வளர்ப்பு, அதே ஒழுக்கம். மாறியது ஒரு மாத்திரை மட்டும். அப்படியானால் சூதாடியைப் பார்த்து "கொழுப்பெடுத்துப் போச்சு", "வளர்ப்பு சரியில்லை" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அது எவ்வளவு தூரம் சரி? (வீட்டில் யாராவது அந்த மருந்து சாப்பிடுகிறார்கள் என்றால் பதறி நிறுத்திவிடாதீர்கள். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. புதிதாகச் சூதாட்ட ஆசையோ கண்மண் தெரியாத செலவோ தென்பட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.)

டோபமைன் என்றால் இன்பம் தருகிற ரசாயனம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அது அதிகமாகத் துள்ளுவது பரிசு கையில் கிடைக்கிறபோது அல்ல, தெரியுமா? வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பல ஆண்டுகள் சோதித்தார். சாறு நிச்சயம் வரும் என்று தெரிந்துவிட்டால், சாறு வருகிற நேரத்தில் அந்த நரம்பணுக்கள் அசையக்கூட இல்லை. வருமா வராதா என்று தெரியாமல் காத்திருக்கிற நேரத்தில்தான் அவை படபடவென்று இயங்கின. 2003-இல் அவருடைய குழு வெளியிட்ட முடிவு இன்னும் திகைக்க வைப்பது: சாறு கிடைக்கும் வாய்ப்பு சரிபாதியாக இருக்கும்போது, அதாவது பூவா தலையா என்ற நிலையில், அந்தக் காத்திருப்புப் படபடப்பு உச்சத்துக்குப் போனது! ஜெயிப்பதில் அல்ல, ஜெயிப்போமா என்று தெரியாமல் இருப்பதில்தான் மூளை சொக்கிப்போகிறது.

புறாக்கூடச் சூதாடும், தெரியுமா? கென்டக்கி பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஜென்டல் 2011-இல் எழுதியது இது. ஒரு பக்கம் கொத்தினால் எப்போதும் மூன்று தீனி மணிகள் நிச்சயம். இன்னொரு பக்கம் கொத்தினால் ஐந்து முறைக்கு ஒரு முறை பத்து மணிகள், மற்ற நான்கு முறையும் ஒன்றுமில்லை. கணக்குப் போட்டால் சராசரி இரண்டு மணிதான், நஷ்டம். ஆனாலும் புறாக்கள் போய் விழுந்தது அந்தப் பத்து மணிப் பக்கம்! புறாவுக்குப் பேராசை என்று யாரும் சொல்லப் போவதில்லை. உயிரின் அடித்தளத்திலேயே இருக்கிற ஒரு பலவீனம் இது. செல்போனில் ரம்மி ஆப் செய்கிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

இப்போது நம்ம சங்கரன்கோவில் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம், 1967-இல் லாட்டரிக்கென்றே ஒரு துறை தொடங்கிய கேரளம் இருக்கிறது. செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டினால் ஆரியங்காவு. இந்தப் பக்கம் கள்ளத்தனமாக ஓடுகிற மூணு நம்பர் லாட்டரிக்கு அந்தப் பக்கத்துக் குலுக்கல் முடிவுதான் ஆதாரம். கடைசி மூன்று இலக்கம் பொருந்தினால் பரிசு. ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்பது யாருக்கும் தெரியும். ஆனால் தினமும் ஒரு எண் வீதம் ஆயிரம் நாள் விடாமல் எழுதினாலும், நூற்றில் 37 பேருக்கு ஒரு தடவைகூட விழாது, தெரியுமா? கிட்டத்தட்ட இரண்டே முக்கால் வருஷம், தினமும் எழுதி, ஒரு தடவைகூட!

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று அதே கணக்கில் ஒளிந்திருக்கிறது. மூன்று இலக்கமும் பொருந்துகிற எண் ஒன்றே ஒன்று. ஆனால் இரண்டு இலக்கம் பொருந்தி ஒன்று மட்டும் தவறிப்போகிற எண்கள் எத்தனை? இருபத்தேழு! அதாவது ஒருவன் ஜெயிப்பதைப்போல் 27 மடங்கு தடவை, "அடச்சே, ஒரு நம்பர்ல போச்சே!" என்று நெற்றியில் அடித்துக்கொள்வான். அப்படி அடித்துக்கொள்கிறபோது அவன் மூளைக்குள் என்ன நடக்கிறது? கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழு 2009-இல் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டது. மயிரிழையில் தவறிய தோல்வி, ஜெயித்தபோது விழித்துக்கொள்கிற அதே மூளைப் பகுதியை விழிக்க வைக்கிறது! கையில் காசு இல்லை, மனசில் வெறுப்புத்தான் இருக்கிறது. ஆனாலும் மூளை "கிட்ட வந்துட்டோம், இன்னொரு தடவை" என்கிறது. தோல்வி ஒருவனைத் துரத்தியடிக்க வேண்டியது நியாயம். சூதில் மட்டும் தோல்வியே திரும்பக் கூப்பிடுகிறது.

இதை நம்மிடம் முதலில் சொன்னது ஸ்கேன் இல்லை. திருக்குறளை எடுங்கள், 94-ஆவது அதிகாரம் சூது. அதன் கடைசிக் குறள், 940. இழக்க இழக்கத்தான் சூதின்மேல் காதல் வளரும் என்பதை உவமையாகவே வைத்துவிட்டார் வள்ளுவர், ஏதோ ஊரறிந்த சங்கதிபோல! அதே அதிகாரத்தின் முதல் குறளில், சூதில் வருகிற வெற்றி மீன் விழுங்குகிற தூண்டில் இரும்பு என்கிறார். முதலில் வருகிற வெற்றிதான் ஆளை வளைக்கிறது என்பதை இன்றைய மனநல மருத்துவரும் சொல்வார். அதோடு விடவில்லை, அதிகார வரிசையைப் பாருங்கள். 93 கள்ளுண்ணாமை. 94 சூது. 95 என்ன தெரியுமா? மருந்து!

இந்த வரிசைக்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வந்து சேர்ந்த ஆண்டு 2013. அந்தச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1980-இல்தான் சூதாட்டம் ஒரு நோயாக முதன்முதலில் இடம்பிடித்தது. அதற்குப் பாடுபட்டவர் ராபர்ட் கஸ்டர் என்ற மருத்துவர். 1972-இல், சூதாடிகளை உள்நோயாளிகளாகச் சேர்த்து வைத்தியம் பார்க்கிற முதல் பிரிவை ஒஹையோவில் ஒரு ராணுவ வீரர் மருத்துவமனையில் தொடங்கியவர் அவர். ஆனாலும் அன்றைக்கு அதை வைத்தது குடி, கஞ்சா வரிசையில் இல்லை. திருட்டு வெறி, தீ வைக்கும் வெறி ஆகியவற்றோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 33 வருஷம் கழித்து, 2013-இல் ஐந்தாம் பதிப்பில்தான் அதைத் தூக்கிக் கொண்டுவந்து குடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். உடம்புக்குள் ஒரு சொட்டு வஸ்து போகாமலே போதை நோய் என்று அந்தக் கையேடு ஏற்றுக்கொண்ட முதல் நோய் இதுதான்!

சரி, வஸ்து போகவில்லையென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? வாயை ஊதச் சொல்ல முடியாது. ரத்தம் எடுத்தால் தெரியாது. ஸ்கேன் எடுத்தும் ஒரு தனி மனிதருக்கு இது இருக்கிறது என்று சொல்ல முடியாது. குடித்தவன் தள்ளாடுவான், நாறுவான். சூதாடுகிறவன் குளித்து, திருநீறு பூசி, சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு வேலைக்குப் போவான். பக்கத்தில் படுத்திருக்கிற மனைவிக்குத் தெரியாது. அதனால்தான் இதை மறைந்திருக்கும் நோய் என்கிறார்கள். மருத்துவரிடம் இருக்கிற கருவி என்ன தெரியுமா? ஒன்பது அடையாளங்கள். கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்!

அந்த ஒன்பதையும் நம்ம ஊர்ப் பேச்சிலேயே கேட்டுப் பார்க்கலாம். முன்னே நூறு ரூபாய் வைத்து ஆடினால் இருந்த விறுவிறுப்பு இப்போது ஐயாயிரம் வைத்தால்தான் வருகிறதா? இது ஒன்று. குடிகாரருக்கு அளவு ஏறிக்கொண்டே போகிற மாதிரிதான். ஆடாமல் இருந்தால் தூக்கம் கெடுகிறதா, எரிந்து விழுகிறாரா? இரண்டு. "இனி தொட மாட்டேன்" என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து, ஆப்பை அழித்து, திரும்பவும் ஏற்றினாரா? மூன்று. தறியில் நிற்கும்போதும் பூ கட்டும்போதும் அதே நினைப்பா? நான்கு. மனசு சரியில்லை என்றால் உடனே கை அங்கேதான் போகிறதா? ஐந்து.

ஆறாவது அடையாளத்தை நான் தனியாக நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். "விட்டதைப் பிடிச்சுட்டு விட்டுருதேன்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காத தெரு சங்கரன்கோவிலில் இருக்குமா? கேட்கிறவருக்கு இது நியாயமாகக்கூடத் தோன்றும். பாவம், போன காசை எடுக்கத்தானே பார்க்கிறான் என்று. தெரியுமா, மருத்துவர் காது கொடுத்துத் தேடுகிற முக்கியமான வாக்கியம் இதுதான்! வியாபாரத்தில் நஷ்டப்பட்டவர் கொஞ்சம் தள்ளி நின்று யோசிப்பார். இந்த நோயில் நஷ்டம் வந்த மறுநாளே, சில சமயம் மறு நிமிஷமே, அதை எடுக்க ஓடுவார்கள்.

ஏழு, பொய். எவ்வளவு போச்சு என்பதை வீட்டில் மறைப்பது. எட்டு, அதனால் வேலையோ படிப்போ உறவோ கையைவிட்டுப் போவது. ஒன்பது, கழுத்து நெரிகிறபோது அடுத்தவர் காசை நம்புவது. "அண்ணாச்சி, ரெண்டாயிரம் கைமாத்து இருந்தாக் குடுங்க, சம்பளம் வந்ததும் தந்திருதேன்" என்று ஆரம்பித்து, மனைவியின் தாலிச் செயின் அடகுக்குப் போவதுவரை எல்லாம் இதில் அடக்கம். ஒன்பதில் நான்கு, பன்னிரண்டு மாத காலத்துக்குள் தென்பட்டால் போதும், நோய் என்று எழுதிவிடுவார்கள். நான்கு ஐந்து என்றால் லேசானது, ஆறு ஏழு நடுத்தரம், எட்டு ஒன்பது கடுமை.

இவ்வளவும் படித்தபோது உங்களுக்கு ஒன்று உறைத்ததா? எவ்வளவு பணம் போனது என்று ஒரு கேள்விகூடக் கிடையாது! பத்து லட்சம் தொலைத்த பணக்காரருக்கு நோய் இல்லாமல் இருக்கலாம். ஐயாயிரம் தொலைத்த விசைத்தறித் தொழிலாளிக்கு நோய் முற்றியிருக்கலாம். என்ன ஆட்டம் என்றும் கேள்வி இல்லை. சீட்டா, லாட்டரியா, கிரிக்கெட் பந்தயமா, எதுவானாலும் ஒன்றுதான். மருத்துவர் கேட்பதெல்லாம், நினைத்தால் நிறுத்த முடிகிறதா என்பது மட்டுமே.

நீதிமன்றம் கேட்ட கேள்வியோ வேறு. 1967-இல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடுகிற ஆட்டம், மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று சொன்னது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அரை நூற்றாண்டு கழித்து ஆன்லைன் ரம்மி நிறுவனங்கள் வழக்காடின. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டது, பிறகு சட்டமாக்கியது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022 அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், மறுபடி மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை இரண்டாவது முறை நிறைவேற்ற, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதில் சேர்க்க முடியாது என்றது.

அந்த இழுபறியின் நடுவே, 2022 நவம்பர் கடைசியில், அவசரச் சட்டம் காலாவதியான அதே சமயத்தில், சங்கரன்கோவில் பக்கத்து நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்த வெளிமாநிலத்து இளம்பெண் ஒருவர் ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டார். சூதாடி என்றதும் நம் மனக்கண்ணில் ஆலமரத்தடியில் துண்டு விரித்து உட்கார்ந்த ஆண்கள்தானே வருகிறார்கள்? ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பிய ஒரு பெண்ணின் உள்ளங்கையில் அந்த ஆலமரத்தடி இருந்தது. பிழைக்க வந்த ஊரில், யாராவது அவரிடம் அந்த ஒன்பது கேள்வி கேட்டிருப்பார்களா? ஆண்களைவிடப் பெண்கள் தாமதமாக ஆடத் தொடங்கினாலும், தொடங்கியபின் வெகு வேகமாக நோயின் பிடிக்குள் போய்விடுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஸ்வீடனில் 2018-இல் வெளியான ஆய்வொன்றில், சூதாட்ட நோய் என்று கண்டறியப்பட்டவர்களின் தற்கொலை விகிதம் மற்ற மக்களைப்போல் 15 மடங்கு இருந்தது. அதனால் இந்த நோயைப் பார்க்கிற நல்ல மருத்துவர் எவரும் கடனைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்துவதில்லை. "சாகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்பார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் வருவதில்லை, உள்ளே இருப்பவருக்குச் சொல்ல வழி கிடைக்கிறது. வீட்டில் இருப்பவர்களும் கேட்கலாம்.

சட்டத்தின் கதைக்கு ஒரு முடிவு வந்தது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு புது விதி கொண்டுவந்தது. நள்ளிரவு 12 மணி முதல் விடிகாலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று! சிரிக்க வேண்டாம், தூக்கம் கெட்ட மூளைக்கு நிறுத்தும் வலு குறைவு என்பது மருத்துவம். பிறகு 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை! மருத்துவர் எப்போதோ கைவிட்ட கேள்வியைச் சட்டமும் கைவிட்டது. என்னைக் கேட்டால், பல உயிர்கள் போனபிறகு வந்த ஞானம் இது.

இன்னும் வேண்டுமா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகின் பெரியவர்களில் 1.2 சதவீதம் பேருக்குச் சூதாட்ட நோய். அதே நிறுவனம் சொல்கிற இன்னொரு எண்ணைப் பாருங்கள். சூதாட்டத் தொழிலுக்கு வருகிற பணத்தில் ஏறக்குறைய 60 சதவீதம், கெடுதல் வரும் அளவுக்கு ஆடுகிறவர்களிடமிருந்து வருகிறது! பொழுதுபோக்குக்கு ஆடுகிற பலபேர் சேர்ந்து கொடுப்பதைவிட, நிறுத்த முடியாத கொஞ்சப் பேர் கொடுப்பது அதிகம். நோயாளிதான் அந்தத் தொழிலின் மூலதனம்.

எல்லா ஆட்டமும் நோயா என்றால், இல்லவே இல்லை. பொங்கலுக்குத் திண்ணையில் ரம்மி போடுகிறவர் எழுந்து சாப்பிடப் போகிறார், மறுநாள் மறந்துவிடுகிறார். அவருக்கு ஒன்றுமில்லை. திடீரென்று தூக்கமே இல்லாமல், ஏகப்பட்ட பேச்சோடு, பணத்தை வாரி இறைத்துச் சூதாடுகிறவருக்கு இருப்பது மனஎழுச்சி நோயாக இருக்கலாம். அப்போது வைத்தியமே வேறு. அதனால்தான் ஒன்பது அடையாளங்களை எண்ணிப் பார்த்து நாமே முத்திரை குத்திவிடக் கூடாது. நாம் சந்தேகப்படலாம், முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். சந்தேகப்படுவதற்கு ஒன்பதுகூட வேண்டாம், இரண்டே கேள்விகள் போதும் என்று 1997-இல் ஒரு ஆய்வுக் குழு கண்டது தெரியுமா? பந்தயப் பணத்தைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றியதா? எவ்வளவு ஆடினோம் என்று வேண்டியவர்களிடம் பொய் சொன்னீர்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

எட்டயபுரம் நமக்கு எட்டாத தூரமில்லை. அந்த ஊர்க்காரர் பாரதி 1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்டார். அந்தக் கதையின் தருமரை இந்தக் கேள்விகளோடு வைத்துப் பாருங்கள். பந்தயம் ஏறிக்கொண்டே போனது. இழந்ததைப் பிடிக்க நாட்டை வைத்தார், தம்பிகளை வைத்தார், தன்னை வைத்தார், மனைவியையும் வைத்தார். எல்லாவற்றையும் திருதராட்டிரன் திருப்பிக் கொடுத்த பிறகு, மகாபாரதத்தின்படி, மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி போய் உட்கார்ந்தார்! அறத்தின் பெயரையே தாங்கியவர். பொய் சொல்லாதவர் என்று பெயர் வாங்கியவர். ஒழுக்கம் மட்டும் காப்பாற்றும் என்றால் அவரையல்லவா காப்பாற்றியிருக்க வேண்டும்?

செல்போன் விளையாட்டு, ரீல்ஸ், ஷாப்பிங் எல்லாம் போதை நோயா என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். இங்கே ஒரு விசித்திரம் தெரியுமா? இணைய அடிமைத்தனம் என்ற நோயை 1995-இல் முதலில் எழுதிவைத்த அமெரிக்க மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க், அதைக் கேலியாகத்தான் எழுதினார்! படித்தவர்கள் "ஐயா, எனக்கு இது இருக்கிறது" என்று நிஜமாகவே வந்து நின்றார்கள். இன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில், 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், வீடியோ விளையாட்டு நோய் சூதாட்டத்துக்குப் பக்கத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் மணிக்கணக்கை வைத்து அதைச் சொல்வதில்லை. கட்டுப்பாடு போயிற்றா, சாப்பாடு தூக்கம் படிப்பு எல்லாவற்றையும்விட அது பெரிதாகிவிட்டதா, கெடுதல் கண்முன் தெரிந்தும் தொடர்கிறதா, இது ஒரு வருஷ அளவுக்கு நீடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். லீவு நாளில் நாலு மணி நேரம் விளையாடிய பையனைப் பிடித்து அடிமை என்று சொல்வது அநியாயம். ரீல்ஸ் பார்ப்பதோ ஷாப்பிங்கோ தனி நோயாக இன்னும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. அதற்காக உதவி கேட்கக் கூடாது என்றில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் செல்போன், இணையப் பழக்கச் சிக்கல்களுக்கென்றே 2014-இலிருந்து தனி கிளினிக் நடக்கிறது.

சங்கரநாராயணர் கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் தரையில் ஒரு சக்கரக் குழி இருக்கிறது. மனசு கலங்கியவர்களை அதில் உட்காரவைத்து வேண்டிக்கொள்வது தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம். மனநோய்க்கு இடம் கொடுத்த ஊர் இது! கோவிலால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சேதி. 2002-இல் புகழ்பெற்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ரகுராம் என்ற மருத்துவரும் மற்றவர்களும் எழுதிய ஆய்வு வந்தது. தமிழ்நாட்டுக் கிராமக் கோவில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளுக்கு, சராசரியாக ஆறு வாரத்தில், நோய்க்குறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தன. விரட்டாத இடம், அன்பாகப் பேசுகிற மனிதர்கள், செய்ய ஒரு சின்ன வேலை, இவைதான் காரணம் என்று அவர்கள் எழுதினார்கள். அது சூதாட்டத்தைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் அந்தக் குழியில் உட்கார வருகிற கூட்டத்தில் சூதாடியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர்? அவனை நோயாளி என்று நாம் இன்னும் நினைக்கவே இல்லை. அம்மனிடமும் கூட்டிப் போங்கள், மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள்.

மருத்துவரிடம் போனால் என்ன செய்வார்? பெரும்பாலும் பேசுவார். எந்த நேரத்தில், எந்த மனநிலையில், எந்தக் கூட்டாளி கூப்பிட்டபோது கை போகிறது என்று நோயாளியையே எழுதச் சொல்வார். "ஐந்து தடவை தோற்றாச்சு, ஆறாவது எனக்குத்தான்" என்ற நினைப்பைச் சோதிக்கச் சொல்வார். 1913 ஆகஸ்ட் 18-ஆம் தேதி மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில், சிவப்பும் கறுப்புமாகச் சுழலும் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 தடவை கறுப்பு விழுந்தது, தெரியுமா? இனி சிவப்புத்தான் என்று ஒவ்வொரு தடவையும் பணத்தைக் கொட்டியவர்கள் அந்த ராத்திரியிலேயே பெரும் பணத்தை இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. இந்தச் சிந்தனை மாற்றும் பேச்சு வைத்தியத்துக்குத்தான் இன்றைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. குடிநோய்க்குக் கொடுக்கிற நால்ட்ரெக்ஸோன் மாத்திரையும் சிலருக்கு ஆசையைக் குறைக்கிறது, அதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். கூடவே இருக்கிற மனச்சோர்வையும் குடியையும் சேர்த்தே பார்ப்பார்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை, மன்றாடியே சொல்கிறேன். கடனை மொத்தமாக அடைத்துவிட்டால் திருந்திவிடுவான் என்று நிலத்தை விற்காதீர்கள். அடுத்தவர் வந்து கடனை அடைப்பது அந்த ஒன்பது அடையாளங்களில் ஒன்று என்பதை மறக்க வேண்டாம். அடைத்த மறுநாளே புதுக் கடன் பிறக்கும். முதலில் வைத்தியம். ஏ.டி.எம். அட்டையும் செல்போன் பணப் பரிமாற்றமும் கொஞ்ச நாள் வேறு ஒருவர் கையில் இருக்கட்டும். இதை அவரே சம்மதித்துச் செய்வது நல்லது. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையம் போகலாம். "கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்" என்று கல்யாணம் செய்துவைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். எந்த மருத்துவக் கையேட்டிலும் கல்யாணம் இந்த நோய்க்கு மருந்தாக இல்லை. வருகிற பெண்ணுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. திட்டுவதால் என்ன ஆகும் என்றால், ஐந்தாவது அடையாளத்தைப் பாருங்கள்: மனசு நொந்தால் கை அங்கேதான் போகும்.

தென்காசி மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைக்கோ திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். பஸ் ஏறக்கூட முடியவில்லை, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சம் என்றால், 2022 அக்டோபர் 10-ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் இருக்கிறது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாடு அரசின் 104-க்கும் அழைக்கலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை. அம்மாவோ மைனியோ கூட வேலை பார்க்கிறவரோ கூப்பிட்டு, "எங்க வீட்டுல ஒருத்தர் இப்படி இருக்காரு" என்று ஆரம்பித்தாலும் போதும்.